'டுடே மார்னிங்' எங்கே தவறுகிறது? பொழுதையும் நேரத்தையும் ஆங்கிலத்தில் சொல்லப் பழகுவது எப்படி

"நேற்று ராத்திரி உங்களுக்குப் போன் செய்தேன்" என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம்மில் பெரும்பாலானவர்கள் "ஐ கால்டு யூ எஸ்டர்டே நைட்" என்றுதான் சொல்வோம். கேட்பவருக்குப் புரியும், நம் ஊர் அலுவலகத்தில் யாரும் திருத்தவும் மாட்டார்கள். ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ வளர்ந்த ஒருவர் அப்படிச் சொல்ல மாட்டார், "லாஸ்ட் நைட்" என்பார். "இன்று காலை" என்பதற்கு நாம் சொல்லும் "டுடே மார்னிங்" கூட இதே வகைதான், அங்கே அது "திஸ் மார்னிங்".

நான் மாலை வேளைகளில் தெரிந்தவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகத் தயாராகிறவர்கள் உண்டு, ஓட்டல் வரவேற்பில் நிற்கிறவர்கள் உண்டு, வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் போனில் பேசுகிற பையன்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் டென்ஸ் தெரியும், வார்த்தை தெரியும். நேரத்தைச் சொல்லும் இடம் வந்தால் மட்டும் இன், ஆன், அட் மூன்றில் எதைப் போடுவது என்று ஒரு நொடி நின்றுவிடுகிறார்கள். அந்த ஒரு நொடித் தயக்கத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் அதற்குத் தேவையான விடையில் பெரும்பகுதி நம் தமிழிலேயே இருக்கிறது.

கு, அன்று, இல்

தமிழில் நேரத்தைச் சொல்லும்போது சொல்லின் கடைசியில் என்ன ஒட்டுகிறது என்று கவனியுங்கள். "5 மணிக்கு வா" என்கிறோம், அங்கே "கு" வருகிறது. "செவ்வாய்க்கிழமை அன்று வா" என்கிறோம், அங்கே "அன்று". "காலையில் வா", "ஜூன் மாதத்தில் வா", "1998இல் வந்தார்" என்கிறோம், அங்கே எல்லாம் "இல்". இப்போது ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணிக்கு என்றால் அட்: "அட் ஃபைவ்". அன்று என்றால் ஆன்: "ஆன் டியூஸ்டே". இல் என்றால் இன்: "இன் த மார்னிங்", "இன் ஜூன்", "இன் நைன்டீன் நைன்ட்டி எய்ட்". ஒரு புள்ளியான நேரத்துக்குக் கு, ஒரு முழு நாளுக்கு அன்று, நீண்டு கிடக்கும் பொழுதுக்கும் மாதத்துக்கும் ஆண்டுக்கும் இல். இரண்டு மொழியும் இந்த இடத்தில் இவ்வளவு ஒத்துப்போவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அப்படியானால் தவறு எங்கிருந்து வருகிறது? பேச்சுத் தமிழில் நாம் இந்த உருபுகளை விழுங்கிவிடுகிறோம். "சாயங்காலம் வரேன்" என்போம், "சாயங்காலத்தில்" என்று முழுதாகச் சொல்வதில்லை. அந்தப் பழக்கத்தில் "ஐ வில் கம் ஈவ்னிங்" என்று வந்துவிடுகிறது. இதற்கு ஒரே வழி, ஆங்கிலத்தில் சொல்லும் முன் மனதுக்குள் எழுத்துத் தமிழில் உருபோடு ஒருமுறை சொல்லிப் பார்ப்பதுதான். மாலையில் வருகிறேன், இல் இருக்கிறது, ஆக "ஐ வில் கம் இன் தி ஈவ்னிங்". ஒரு வாரம் இப்படிச் செய்தால் அப்புறம் தானாக வரும். அமெரிக்கர்கள் "ஐ வில் சீ யூ டியூஸ்டே" என்று 'ஆன்' சொல்லை விட்டுப் பேசுவது உண்டு, அதைப் படத்தில் கேட்டுவிட்டு எல்லா இடத்திலும் விட்டுவிடலாம் என்று நினைக்கவேண்டாம். கிழமைக்கும் தேதிக்கும் மட்டும்தான் அந்தச் சலுகை, "சீ யூ ஈவ்னிங்" என்று அவர்களும் சொல்வதில்லை.

கூடவே இன்னொன்று. மார்னிங், ஆஃப்டர்நூன், ஈவ்னிங் மூன்றுக்கும் இன் மட்டும் போதாது, நடுவில் "த" கட்டாயம் வேண்டும். "இன் மார்னிங்" என்பது நம் ஆட்களிடம் மிக அதிகமாக நான் கேட்கும் தவறு. ஆஃப்டர்நூனும் ஈவ்னிங்கும் உயிர் ஒலியில் தொடங்குவதால் அங்கே "தி" என்று உச்சரியுங்கள்.

இரவு மட்டும் வேறு

இப்போது விதிவிலக்கு. தமிழில் காலையில், மாலையில், இரவில் என்று எல்லாவற்றுக்கும் ஒரே இல்தான். ஆங்கிலத்தில் இரவு மட்டும் வேறு பக்கம் போய் நிற்கிறது: "அட் நைட்". அதற்கு த-வும் கிடையாது. நூன், மிட்நைட், டான் (விடியல்), டஸ்க் (அந்தி), சன்ரைஸ், சன்செட் எல்லாவற்றுக்கும் அட் வருவது புரிந்துகொள்ளக்கூடியது, அவை கடிகார மணியைப்போலவே ஒரு புள்ளி. நள்ளிரவு என்பது ஒரு நொடி, நண்பகல் என்பது ஒரு நொடி. ஆனால் இரவு அப்படி இல்லையே, எட்டுப் பத்து மணி நேரம் நீள்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் இதற்குக் காரணம் தேடி நேரத்தைச் செலவழிக்காமல் மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

"இன் த நைட்" என்று கேட்டிருக்கிறோமே என்றால், ஆம், அதுவும் உண்டு, பொருள்தான் கொஞ்சம் மாறும். பொதுவாக இரவு வேளையில் என்றால் "அட் நைட்": "ஐ ஒர்க் அட் நைட்", நான் இரவில் வேலை செய்கிறேன். குறிப்பிட்ட ஓர் இரவின் நடுவே ஏதோ நடந்தது என்றால் "இன் த நைட்": "த பேபி வோக் அப் ட்வைஸ் இன் த நைட்", குழந்தை ராத்திரி இரண்டு முறை எழுந்துவிட்டது. நர்ஸாகப் போகிறவர்களுக்கு இது தினமும் தேவைப்படும். காலையில் அடுத்த ஷிப்டில் வருபவரிடம் நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது "ஷி ஹேட் ஃபீவர் டியூரிங் த நைட்" என்று சொல்லலாம், "இன் த நைட்" என்றும் சொல்லலாம். நடு ராத்திரியில் என்று அழுத்திச் சொல்ல "இன் த மிடில் ஆஃப் த நைட்".

சரி, கிழமையும் பொழுதும் சேர்ந்து வந்தால்? "திங்கட்கிழமை காலையில்" என்றால் அன்று ஜெயிக்குமா, இல் ஜெயிக்குமா? அன்று ஜெயிக்கும். நாளின் பெயரோ தேதியோ உள்ளே வந்த மறுகணம் இன் வெளியே போய்விடும், அட் நைட்டில் இருந்த அட்டும் போய்விடும், எல்லாவற்றுக்கும் ஆன்தான்: "ஆன் மண்டே மார்னிங்", "ஆன் ஃப்ரைடே நைட்", "ஆன் தி ஈவ்னிங் ஆஃப் த ஃபோர்டீன்த்". நாளின் பெயர் இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட ஒரு நாளின் பொழுதை வர்ணித்துச் சொன்னால் அங்கேயும் ஆன்: ஒரு மழை நாள் மாலையில் என்பது "ஆன் எ ரெயினி ஈவ்னிங்". எர்லி, லேட் இரண்டும் இந்தக் கணக்கில் வராது. "இன் தி எர்லி மார்னிங்", "எர்லி இன் த மார்னிங்", "லேட் அட் நைட்" என்று பழைய 'இன்', 'அட்' இரண்டும் அப்படியே நிற்கும்.

கடிகார மணி கூடச் சேர்ந்தால் அதன் அட் தனியாக நிற்கும், ஆனால் வரிசை தலைகீழ். தமிழில் பெரியதிலிருந்து சிறியதுக்கு வருகிறோம்: மார்ச் 5, செவ்வாய்க்கிழமை, காலை, 9 மணிக்கு. ஆங்கிலம் சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகும்: "அட் நைன் ஆன் டியூஸ்டே மார்னிங்", தேதியும் வேண்டும் என்றால் "அட் நைன் ஆன் த மார்னிங் ஆஃப் டியூஸ்டே, த ஃபிஃப்த் ஆஃப் மார்ச்". "டியூஸ்டே மார்னிங்" என்பதை மட்டும் பிரிக்காமல் ஒரே துண்டாக வைத்துக்கொண்டு, தமிழ் வாக்கியத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்தாலே ஆங்கில வரிசை கிடைத்துவிடும். என்னிடம் வருகிறவர்களை இதைப் பேப்பரில் எழுதவைத்து, வலமிருந்து இடமாக விரல் வைத்துப் படிக்கச் சொல்வேன், சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

எதுவுமே போடக்கூடாத இடம்

திஸ், லாஸ்ட், நெக்ஸ்ட், எவ்ரி, தட், எஸ்டர்டே, டுமாரோ ஆகிய சொற்கள் பொழுதுக்கு முன்னால் வந்துவிட்டால் இன், ஆன், அட் எதுவும் வேண்டாம். "இன் திஸ் மார்னிங்", "ஆன் எவ்ரி ஈவ்னிங்", "ஆன் டுமாரோ" எல்லாம் தவறு. தமிழிலும் "நாளை காலை வருகிறேன்" என்று உருபில்லாமல்தானே சொல்கிறோம், அதே மாதிரிதான்.

தொல்லை கொடுப்பது டுடே. ஆங்கிலத்தில் டுடே பொழுதுப் பெயரோடு சேர்வதில்லை. இன்று காலை என்பது "திஸ் மார்னிங்", இன்று மதியம் "திஸ் ஆஃப்டர்நூன்", இன்று மாலை "திஸ் ஈவ்னிங்", இன்று இரவு மட்டும் "டுநைட்". நமக்கு இதில் ஓர் உறுத்தல் இருக்கும். இரவு 8 மணிக்கு உட்கார்ந்துகொண்டு, எப்போதோ முடிந்துபோன காலையைத் "திஸ்" என்று எப்படிச் சொல்வது? அது தள்ளிப்போய்விட்டதே, "தட்" என்றல்லவா வரவேண்டும் என்று தோன்றும். ஆங்கிலத்தில் திஸ் என்பது இங்கே இந்த நாளுக்கு உரியது என்ற பொருளில் வருகிறது. நாள் முடியாதவரை அதன் காலை "திஸ் மார்னிங்"தான்.

நேற்று என்றால் எஸ்டர்டே மார்னிங், எஸ்டர்டே ஆஃப்டர்நூன், எஸ்டர்டே ஈவ்னிங் எல்லாம் சரி. இரவுக்கு வந்தால் மறுபடி வேறு, "லாஸ்ட் நைட்". அதை வைத்து "லாஸ்ட் மார்னிங்" என்று ஒன்றை உருவாக்கிவிடாதீர்கள், அப்படி ஒன்று வழக்கில் இல்லை. முந்தாநாள் ராத்திரி "த நைட் பிஃபோர் லாஸ்ட்". நாளைக்கு எல்லாப் பொழுதும் ஒழுங்காக வரும்: டுமாரோ மார்னிங், டுமாரோ ஈவ்னிங், டுமாரோ நைட். ஆனால் "த நெக்ஸ்ட் மார்னிங்" என்பது நாளைக் காலை அல்ல. நடந்து முடிந்த ஒன்றைச் சொல்லும்போது வரும் "மறுநாள் காலை" அது. "அவர்கள் ராத்திரி வந்தார்கள், மறுநாள் காலை கிளம்பிவிட்டார்கள்" என்ற இடத்தில்தான் அது பொருந்தும்.

ஓட்டல் வரவேற்பில் நிற்பவர்களுக்குத் தனியாக ஒன்று: ராத்திரி 11 மணிக்குப் பெட்டியோடு வந்து நிற்கும் விருந்தினரிடம் "குட் நைட்" என்று சொல்லிவிடாதீர்கள். குட் நைட் விடைபெறும் சொல், போய்த் தூங்குங்கள் என்று வழியனுப்புவது. வரவேற்பதற்கு எவ்வளவு நேரமானாலும் "குட் ஈவ்னிங்"தான். அறைச் சாவியைக் கொடுத்து அனுப்பும்போது குட் நைட் சொல்லுங்கள்.

மாலை எத்தனை மணி வரை?

அகராதியில் மார்னிங் என்றால் காலை, ஈவ்னிங் என்றால் மாலை, நைட் என்றால் இரவு என்று போட்டிருக்கும். அது பாதிதான் சரி, ஏனென்றால் இரண்டு மொழியும் நாளை வெட்டும் இடங்கள் வேறு வேறு. இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

ராத்திரி 1 மணியை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது இரவு 1 மணி. ஆங்கிலத்தில் "ஒன் இன் த மார்னிங்". கும்மிருட்டாக இருந்தாலும், ஊரே தூங்கினாலும், மணி 12 தாண்டிவிட்டால் அது மார்னிங் கணக்கு. இரண்டு மணி, மூன்று மணி எல்லாம் அப்படியே. "ஒன் அட் நைட்" என்றும் சிலர் சொல்வார்கள், ஆனால் இயல்பாகக் காதில் விழுவது மார்னிங்தான். செய்திகளில் இந்த நேரத்துக்கு "இன் தி எர்லி ஹவர்ஸ்" என்று எழுதுவார்கள், பேச்சில் "த ஸ்மால் ஹவர்ஸ்" என்பார்கள், மணி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் சின்னதாக இருப்பதால் வந்த பெயர். நம் அதிகாலை இதில் 3 மணிக்கு மேல்தான் தொடங்குகிறது, அவர்களுடையது 12 தாண்டியதுமே.

அடுத்து சாயங்காலம் 4 மணியைப் பாருங்கள். நம் அழைப்பிதழில் "மாலை 4 மணி" என்று அச்சடிக்கிறோம். ஆங்கிலத்தில் அது "ஃபோர் இன் தி ஆஃப்டர்நூன்". 5 மணி வாக்கில் இரண்டுக்கும் நடுவே ஊசலாடும், 6 மணிக்கு ஈவ்னிங் உறுதியாகிவிடும். அப்புறம் 7 மணி. நமக்கு "இரவு 7 மணி", ஆங்கிலத்தில் "செவன் இன் தி ஈவ்னிங்". எட்டும் ஈவ்னிங்தான். ஒன்பதில் ஈவ்னிங் என்றும் சொல்வார்கள், நைட் என்றும் சொல்வார்கள். பத்து ஆகிவிட்டால் "டென் அட் நைட்". ஆக "இரவு 7 மணிக்கு விருந்து" என்பதை "டின்னர் அட் செவன் அட் நைட்" என்று பெயர்த்தால் கேட்பவருக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். பழைய தமிழ் இலக்கணத்தில் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்திருக்கிறார்கள்: காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. ஒவ்வொன்றும் 10 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம், ஆக ஒவ்வொரு சிறுபொழுதும் 4 மணி நேரம். காலை 6 மணியில் தொடங்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தால் மாலை என்பது 6 மணியிலிருந்து 10 மணி வரை வருகிறது. ஆங்கிலக்காரர் ஈவ்னிங் என்று சொல்லும் நேரம் ஏறக்குறைய அதேதான்! அதற்கு முந்தைய எற்பாடு 2 மணியிலிருந்து 6 மணி வரை, பொழுது சாய்கிற நேரம், அவர்களுடைய ஆஃப்டர்நூனின் பெரும்பகுதி. இன்றைய பேச்சில் மாலையை 4 மணிக்கே இழுத்துக்கொண்டுவந்து 7 மணிக்கு முடித்துவிட்டது நாம்தான். ஈவ்னிங் என்ற சொல்லைக் கேட்கும்போது இன்றைய சாயங்காலத்தை நினைக்காமல் அந்தப் பழைய மாலையை நினைத்துக்கொள்ளுங்கள், எல்லை சரியாக விழும்.

இன்னொரு சிக்கல், நமக்கு மாலை என்பது வெளிச்சத்தோடு கட்டுண்டது. சென்னையில் ஆண்டு முழுக்கச் சூரியன் மறைவது ஏறக்குறைய ஐந்தேமுக்காலுக்கும் ஆறேமுக்காலுக்கும் நடுவில்தான், அதனால் இருட்டுவதும் மாலை முடிவதும் ஒன்றாகவே நடக்கும். லண்டனில் ஜூன் மாதக் கடைசியில் சூரியன் மறைய இரவு 9 மணி 20 நிமிடம் வரை ஆகிவிடும், டிசம்பரில் 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். பளிச்சென்ற வெயிலில் "எய்ட் இன் தி ஈவ்னிங்" என்பார்கள், இருட்டிவிட்ட பிறகு "ஹாஃப் பாஸ்ட் ஃபோர் இன் தி ஆஃப்டர்நூன்" என்பார்கள். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் வானத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துப் பொழுதைச் சொல்லிப் பழகவேண்டும்.

வெளிச்சத்தை வைத்துச் சொல்லும் சொற்கள் தனியாக இருக்கின்றன. கிழக்கு வெளுக்கும் வைகறை "டான்", "டேபிரேக்" என்றாலும் அதுதான். சூரியன் எட்டிப் பார்ப்பது "சன்ரைஸ்", இது டானுக்குப் பிறகு வருவது, இரண்டும் ஒன்றல்ல. மறைவது "சன்செட்". மறைந்தபின் முகம் மங்கலாகத் தெரியும் அந்திக் கருக்கல் "டஸ்க்". முழுதாக இருட்டுவது "நைட்ஃபால்". "ட்விலைட்" என்பதை நாம் அந்திக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம், உண்மையில் அது விடியலுக்கு முன் வரும் அரை வெளிச்சத்துக்கும் பெயர், ஆனால் பேச்சில் பெரும்பாலும் அந்திதான். நம் பக்கம் இந்த அரை வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமாக நின்றுவிட்டுப் போய்விடும், லண்டன் கோடையில் முக்கால் மணி நேரம் கிடக்கும். அவர்கள் கதைகளில் அந்த நேரத்துக்கு இத்தனை சொற்கள் புழங்குவதில் வியப்பில்லை.

ஃபோர்நூன் என்ற சொல்லைப் பற்றி ஒரு வரி. நம் போட்டித் தேர்வு ஹால் டிக்கெட்டில் முற்பகலுக்கு எஃப்.என்., பிற்பகலுக்கு ஏ.என். என்று போட்டிருப்பதால் அது நமக்குச் சாதாரணச் சொல். வெளிநாட்டில் இன்று பேச்சில் அதை ஏறக்குறைய யாரும் பயன்படுத்துவதில்லை, மார்னிங் என்றே சொல்லுங்கள்.

பன்னிரண்டு மணியில் கவனம்

இதில் தவறினால் பணமே போகும், எங்கள் வீட்டிலேயே நடந்தது. ஞாயிறு இரவு ஊருக்குக் கிளம்பவேண்டும், ரயில் நேரம் 00:20. ஞாயிற்றுக்கிழமை தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, ஞாயிறு இரவு பதினொன்றரைக்குப் பெட்டிகளோடு நிலையத்துக்குப் போய் நின்றோம். எங்கள் ரயில் அதற்கு முந்தின இரவே, அதாவது சனி இரவு நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோதே போய்விட்டிருந்தது. ஞாயிறு 00:20 என்றால் ஞாயிறு பிறந்து இருபது நிமிடம் ஆன நேரம். நம் பஞ்சாங்கக் கணக்கில் நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை, அந்த நினைப்பு நம் பேச்சில் ஊறிப்போயிருக்கிறது, அதனால் ராத்திரி 2 மணி வரைக்கும் நமக்கு அது ஞாயிறு ராத்திரிதான். தேதி மாறுவது மட்டும் நள்ளிரவில்.

ஆகவே நள்ளிரவை ஒட்டிய நேரத்தை யாரிடமாவது ஆங்கிலத்தில் சொல்லும்போது இரண்டு பக்கக் கிழமையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: "த நைட் ஆஃப் சண்டே, கோயிங் இன்டு மண்டே". ஏ.எம். என்பது லத்தீனில் நண்பகலுக்கு முன், பி.எம். என்பது நண்பகலுக்குப் பின், அப்படியானால் சரியாக 12 எதில் சேரும் என்ற குழப்பம் அவர்களுக்கே உண்டு. வழக்கில் 12 ஏ.எம். நள்ளிரவு, 12 பி.எம். நண்பகல். தெரிந்தாலும் அப்படி எழுதாதீர்கள், "ட்வெல்வ் நூன்", "ட்வெல்வ் மிட்நைட்" என்றே எழுதுங்கள். கெடு வைப்பதாக இருந்தால் "மிட்நைட் ஆன் ஃப்ரைடே" என்று வைக்காமல் வெள்ளி 11:59 பி.எம். என்று வைப்பது இன்னும் நல்லது, வியாழன் முடியும் நள்ளிரவா வெள்ளி முடியும் நள்ளிரவா என்ற கேள்வியே வராது. அப்புறம் "8 ஏ.எம். இன் த மார்னிங்" என்று இரண்டையும் அடுக்கவேண்டாம், ஒன்று போதும்.

இந்த நூன் என்ற சொல்லே இடம் மாறி வந்ததுதான். லத்தீனில் ஒன்பதாம் மணி என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது, உதயத்திலிருந்து எண்ணினால் அது பிற்பகல் 3 மணி. சில நூற்றாண்டுகளில் மெல்ல நகர்ந்து 12 மணிக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

நாலேமுக்காலும் க்வார்ட்டர் டு ஃபைவும்

கால், அரை, முக்கால் நமக்கு நன்றாக வரும். நாலேகால் "க்வார்ட்டர் பாஸ்ட் ஃபோர்", நாலரை "ஹாஃப் பாஸ்ட் ஃபோர்". நாலேமுக்காலில்தான் தடுக்கும், ஏனென்றால் நாம் கடந்துபோன நாலைப் பிடித்துக்கொண்டு முக்கால் கூட்டுகிறோம், அவர்கள் வரப்போகும் ஐந்தைப் பிடித்துக்கொண்டு கால் குறைக்கிறார்கள்: "க்வார்ட்டர் டு ஃபைவ்". நம்மிடமும் அந்த முறை இல்லாமல் இல்லை, "அஞ்சாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்போமே, அதுதான் "டென் டு ஃபைவ்". அரைமணி தாண்டியதும் அந்த வாக்கியத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ்காரர் பேச்சில் "ஹாஃப் ஃபோர்" என்று வரும், நாலரை என்று பொருள், மூன்றரை அல்ல. அமெரிக்கர் "க்வார்ட்டர் ஆஃப்டர் ஃபோர்" என்பார், நாலேகால். "க்வார்ட்டர் ஆஃப் ஃபைவ்" என்றும் சிலர் சொல்வார்கள், அது நாலேமுக்கால். இவை கேட்டால் புரிந்தால் போதும். நீங்கள் பேசும்போது "ஃபோர் ஃபார்ட்டி ஃபைவ்" என்று எண்ணாகவே சொல்லுங்கள், அதில் குறைவேதும் இல்லை, தவறாகக் கேட்கவும் வாய்ப்பு குறைவு. "ஓ க்ளாக்" முழு மணிக்கு மட்டும்தான், "ஃபோர் தேர்ட்டி ஓ க்ளாக்" கிடையாது. ஐந்து மணி வாக்கில் என்றால் "அரவுண்ட் ஃபைவ்", சரியாக ஐந்துக்கு என்றால் "அட் ஃபைவ் ஷார்ப்". இந்த ஷார்ப் கடைசியில் வரும், அதை ஷார்ப்லி என்று நீட்டக்கூடாது.

குள், வரை, இருந்து, ஆக

மீதி உருபுகளையும் பார்த்துவிடுவோம், இவற்றில்தான் வேலையிடத்துச் சண்டைகள் வருகின்றன.

5 மணிக்குள் முடித்துக்கொடு என்பது "பை ஃபைவ்". 5 மணி வரை இரு என்பது "அன்டில் ஃபைவ்" அல்லது "டில் ஃபைவ்". பலர் இரண்டுக்கும் டில் போட்டுவிடுகிறார்கள். "ஃபினிஷ் இட் டில் ஃபைவ்" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஒரு கெடுவுக்கு முன் ஒரு தடவை நடந்து முடிகிற செயலுக்குக் குள், பை. அந்த நேரம் வரும்வரை தொடர்ந்து நடக்கிற செயலுக்கு வரை, அன்டில். இங்கே ஒரு சின்னப் பிரிவு உண்டு, 5 மணிக்குள் என்றால் பை, 5 நிமிடத்துக்குள் என்றால் "விதின் ஃபைவ் மினிட்ஸ்".

இன்னும் ஐந்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்பதற்கு "ஆஃப்டர் ஃபைவ் மினிட்ஸ்" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். "இன் ஃபைவ் மினிட்ஸ்" என்பதுதான் அவர்கள் சொல்வது, தமிழிலும் பாருங்கள், நிமிடத்தில், அதே இல். ஆஃப்டரை நடந்து முடிந்த கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஐந்து நிமிடம் கழித்து அவர் வந்தார்.

காலையிலிருந்து காத்திருக்கிறேன் என்றால் "சின்ஸ் திஸ் மார்னிங்", தொடங்கிய புள்ளியைச் சொல்கிறோம். இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கிறேன் என்றால் "ஃபார் டூ ஹவர்ஸ்", நீளத்தைச் சொல்கிறோம். "சின்ஸ் டூ ஹவர்ஸ்" என்பது நாம் அடிக்கடி செய்யும் தவறு. தமிழில் "இருந்து" வந்தால் சின்ஸ், "ஆக" வந்தால் ஃபார், இவ்வளவுதான் கணக்கு.

"ஆன் டைம்", "இன் டைம்" இரண்டையும் குழப்பவேண்டாம். குறித்த நேரத்துக்குச் சரியாக வருவது ஆன் டைம், பேருந்து ஆன் டைம் வரும். கைமீறிப் போவதற்குள் வந்து சேர்வது இன் டைம், பேருந்தைப் பிடிக்க நாம் இன் டைம் போவோம்.

பழகுவதற்கு நான் சொல்லும் வழி இதுதான். ராத்திரி படுக்கும் முன் அன்றைய நாளைத் தமிழில் ஐந்தாறு வரியாக, உருபு எதையும் விழுங்காமல் எழுதுங்கள். உருபுக்குக் கீழே கோடு போடுங்கள். அப்புறம் ஒவ்வொரு வரியையும் பின்னாலிருந்து ஆங்கிலமாக்குங்கள். என்னிடம் வரும் ஒரு நர்ஸ் பெண் எழுதியதை இங்கே தருகிறேன், இரவு ஷிப்ட் முடிந்து வந்து எழுதியது:

"நேற்று இரவு 8 மணிக்கு வேலைக்குப் போனேன்." — "ஐ வென்ட் டு ஒர்க் அட் எய்ட் லாஸ்ட் நைட்."

"ஒரு நோயாளி இரவில் மூன்று முறை கூப்பிட்டார்." — "எ பேஷன்ட் கால்டு மீ த்ரீ டைம்ஸ் இன் த நைட்."

"இரவு 2 மணிக்கு அவருக்கு மருந்து கொடுத்தேன்." — "ஐ கேவ் ஹிம் ஹிஸ் மெடிசின் அட் டூ இன் த மார்னிங்."

"விடியற்காலையில் அவர் தூங்கிவிட்டார்." — "ஹி ஃபெல் அஸ்லீப் அட் டான்."

"இன்று காலை 7 மணிக்குள் எல்லாக் குறிப்பும் எழுதிவிட்டேன்." — "ஐ ஹேட் ரிட்டன் ஆல் மை நோட்ஸ் பை செவன் திஸ் மார்னிங்."

"சனிக்கிழமை இரவு எனக்கு வேலை இல்லை." — "ஐ ஆம் ஆஃப் ஆன் சாட்டர்டே நைட்."

இரண்டாம் வரியில் அவள் முதலில் "அட் நைட்" என்று எழுதி, அடித்துவிட்டு "இன் த நைட்" என்று மாற்றியிருந்தாள், நான் கேட்காமலே.